பழைய நீச்சல்குளப் பம்ப்: சரிசெய்து ஓட்டுவதா, புதிதாக வாங்குவதா?

சென்ற சித்திரையில் எங்கள் விருந்தினர் இல்லத்து நீச்சல்குளப் பம்ப் கீச்சிடத் தொடங்கியது. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பழைய வீட்டை அறைகளாக மாற்றி விருந்தினருக்கு விட்டபோது, பின்கட்டுக்கு அப்பால் இருந்த தோட்டத்தில் 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட குளம் ஒன்றைக் கட்டினோம். அப்போது பொருத்திய ஒன்றரைக் குதிரைத்திறன் பம்புக்கு இது பத்தாவது ஆண்டு. இரண்டு தெரு தள்ளி, என் சித்தப்பாவுக்குப் பங்கு உள்ள பெரிய வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவில் ஒரு குளமும், அதே வயதில் ஒரு பம்பும் உண்டு. அதுவும் அதே கோடையில் கசியத் தொடங்கியது. இரண்டையும் ஒரே மெக்கானிக்தான் பார்த்தார். நாங்கள் புதிது வாங்கினோம், சித்தப்பா வீட்டில் சரிசெய்து ஓட்டுகிறார்கள். இரண்டு முடிவும் சரியானவை என்றே இன்றும் நினைக்கிறேன். ஏனென்றால் எங்கள் பழைய பம்ப் ஆண்டுக்கு 3,400 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அவர்களுடையது அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடுகிறது. பம்பின் வயதைக் கேட்டுவிட்டு "பத்து வருஷமா, மாத்திடுங்க" என்று சொல்பவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதில்லை.

மெக்கானிக் வந்ததும் எதையும் கழற்றவில்லை. பம்பை ஓடவிட்டு, நீளமான திருப்புளி ஒன்றின் முனையை மோட்டாரின் முன்மூடியில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு அரை நிமிடம் கேட்டார். பிறகு பின்மூடியிலும் அப்படியே கேட்டார். "அண்ணே, முன்பக்கத்துப் பேரிங் போயிருச்சு. ஆனா அது தானாப் போகலை, சீல் கசிஞ்சு தண்ணி உள்ள இறங்கியிருக்கு" என்றார். பம்பும் மோட்டாரும் சேரும் இடத்துக்குக் கீழே, காய்ந்த சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைக் கோடு வழிந்து உறைந்திருந்தது. பல மாதங்களாக அது என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது, துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். மெக்கானிக்கல் சீல் என்பது கார்பன், செராமிக் என்ற இரண்டு வழவழப்பான முகங்கள் ஒன்றோடொன்று அழுந்திச் சுழன்று தண்ணீரைத் தடுக்கும் சிறிய பாகம். அது சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். அது கசியத் தொடங்கிய உடனே மாற்றியிருந்தால் பேரிங் தப்பியிருக்கும். பேரிங்கை உடனே கவனித்தால், மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றான காயில் தப்பும். பெரும்பாலான பம்புகள் இந்த வரிசையில்தான் சாகின்றன.

ஆகவே ஒப்பீட்டுக்கு முன், எது பழுது என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கீச்சென்ற சத்தம் பேரிங்கிலிருந்து வருவது. கூழாங்கற்களை வாளியில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வந்தால், உறிஞ்சும் பக்கத்தில் அடைப்போ காற்றுக் கசிவோ இருக்கிறது என்று பொருள். அதற்கு மோட்டாரைத் தொடவே வேண்டியதில்லை, பம்பின் வாயில் குப்பை பிடிக்கும் கூடையைச் சுத்தம் செய்து, அதன் மூடியில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். சுவிட்சைப் போட்டதும் உறுமிவிட்டுச் சுழலாமல் நின்றால், கடைகளில் கண்டென்சர் என்று கேட்டு வாங்கும் கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரில் வேப்பங்கொட்டை போல ஏதாவது சிக்கியிருக்கும். போட்ட நொடியிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்தால்தான் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் காயிலைத் தவிர மற்ற எல்லாமே காரைக்குடியிலேயே அரை நாளில் முடியும் வேலைகள். பேரிங்கும் கெப்பாசிட்டரும் எல்லா மோட்டார்களுக்கும் பொதுவான அளவுகளில் வருவதால், பம்ப் எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் இங்கே கிடைத்துவிடும். இம்பெல்லர், டிஃப்யூசர், சீல் தட்டு போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் அப்படியல்ல. அவை அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை என்பதால், மாடல் நின்றுபோய்விட்டதா என்பதைச் சென்னையில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே பழைய பம்பின் மேல் பணம் போடுவது நல்லது.

ஏன் பழுதானது என்ற கேள்வியும் இருக்கிறது. இதற்கு விடை காணாமல் புதிய பம்ப் வாங்கினால் அதுவும் இதே வழியில்தான் போகும். எங்கள் பக்கத்தில் நான் கண்ட காரணங்கள் நான்கு. முதலாவது, வெறும் ஓட்டம். சித்திரை, வைகாசி வெயிலில் குளத்து நீர் வாரத்துக்கு நாலைந்து செ.மீ. இறங்கிவிடும், நீர்மட்டம், மேல்நீரையும் மிதக்கும் குப்பையையும் இழுக்கும் ஸ்கிம்மரின் வாய்க்குக் கீழே போனதும் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது, குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் சீலின் முகங்கள் சூடேறி வெடிக்கின்றன, மரை போட்ட பிளாஸ்டிக் வாய்கள் சுருங்கிக் கோணுகின்றன. இரண்டாவது, பம்ப் குழி. நீர்மட்டத்துக்குக் கீழே பம்பை வைத்தால் தண்ணீர் தானாகவே வந்து நிரம்பும் என்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே இரவில் அந்தக் குழி நிரம்பினால் மோட்டார் மூழ்கிவிடும். தண்ணீர் தெறித்தால் தாங்கும் மோட்டார்கள் உண்டு, மூழ்கினால் தாங்கும் நீச்சல்குள மோட்டார் நான் பார்த்ததில்லை. மூன்றாவது, மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது. வோல்டேஜ் குறையும்போது மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறுகிறது. நான்காவதுக்கு நானே பொறுப்பு. குளத்துக்கு ஊற்றும் ஆசிட் கேனையும் குளோரின் டப்பாவையும் கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று பம்ப் அறையிலேயே வைத்திருந்தோம். அடுத்தடுத்து வைக்கவே கூடாத இரண்டு பொருள்கள் அவை. டெர்மினல் பெட்டியைத் திறந்தபோது செம்பு முனைகள் அவற்றின் ஆவி பட்டுப் பச்சை பூத்து, கோயில் வாசல் மணியின் நாக்கைப் போல இருந்தன. இப்போது ஆசிட் தனியாக வெளித் தாழ்வாரத்திலும் குளோரின் வேறோர் அறையிலும் இருக்கின்றன.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். விலைகள் எங்களுக்குச் சொல்லப்பட்டவை. கடைக்குக் கடை மாறும் என்பதால் அளவுகோலாக மட்டும் கொள்க.

சீலும் இரண்டு பேரிங்கும் மாற்றக் கூலியோடு 3,500 ரூபாய் கேட்டார்கள். பம்பின் உடல் விரிசலின்றி இருந்து, சீல் உட்காரும் இடத்தில் தண்டு அரிக்கப்படாமல் இருந்தால், இதைவிட மலிவான வழி வேறில்லை. தண்டில் குழி விழுந்திருந்தால் புது சீலும் ஆறு மாதத்தில் கசியும். ஆகவே கழற்றிய பிறகு தண்டை விரல் நகத்தால் வருடிப் பார்க்கச் சொல்வேன். நகம் தட்டினால் அந்தத் தண்டு உதவாது.

காயில் கட்டுவது அடுத்த வழி. நம் ஊர்ப்பக்கம் விவசாய மோட்டார்களுக்குக் காயில் கட்டியே கைதேர்ந்தவர்கள் பலர் இருப்பதால் இது நமக்கு இயல்பாகத் தோன்றும் யோசனை. 4,000 முதல் 5,000 ரூபாய்க்குள் முடியும். ஆனால் கருகிய பழைய காயிலை எடுப்பதற்காக மோட்டாரின் இரும்புச் சட்டத்தைத் தீயில் போட்டுச் சுடுகிறவர்களிடம் கொடுத்தால், இரும்புத் தகடுகளுக்கு இடையே உள்ள காப்புப் பூச்சு கெட்டு, மோட்டார் முன்னைவிடச் சூடாகவும், கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் தின்றும் ஓடும். ஒரு முறை நல்ல கையில் கட்டியது என்றால் ஏற்கலாம். மூன்றாம் முறை கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் பம்ப் ஏற்கெனவே இரண்டு முறை கட்டப்பட்டது. மழையில் நனைந்த மோட்டார் என்றால், உடனே கட்டக் கொடுத்துவிடாமல், பிரித்து நிழலில் உலர்த்தி, மெகர் என்ற கருவியை வைத்து, காயிலிலிருந்து மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்புத்தடையை அளக்கச் சொல்லலாம். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அதை ஓட்டக்கூடாது, உலர்த்தியபின் நன்றாக ஏறிவிட்டால் காயில் பிழைத்தது என்று கொள்ளலாம்.

அதே திறனில் சாதாரணப் புதுப் பம்ப் 35,000 ரூபாய் என்றார்கள். இந்த இடத்தில்தான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். வாங்குவது வாங்குகிறோம், இரண்டு குதிரைத்திறனாக வாங்கிவிடலாம், தண்ணீர் இன்னும் பளிச்சென்று இருக்கும் என்று கடைக்காரரும் சொல்வார், நம் மனமும் சொல்லும். எங்கள் மணல் ஃபில்டரின் விட்டம் 60 செ.மீ.; அதன் பரப்பு 0.28 சதுர மீட்டர். மணிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 50 கன மீட்டர் என்ற மேல்வரம்பில் வைத்தாலும் அதன் வழியே 14 கன மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது. அதற்கு மேல் தள்ளினால் தண்ணீர் மணலைத் துளைத்து வழி பண்ணிக்கொண்டு, அழுக்கோடு மறுபக்கம் வந்துவிடும். குழாயிலும் இதே கதைதான்: இரண்டு அங்குலக் குழாயில் மணிக்கு 11 கன மீட்டர் போகும்போது நொடிக்கு 1.3 மீட்டர் வேகம், 18 கன மீட்டர் என்றால் 2.1 மீட்டர், உராய்வோ வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். பெரிய பம்ப் வாங்கியவர் கூடுதல் மின்சாரத்தைக் குழாயின் உராய்வுக்குக் கொடுக்கிறார். எங்கள் பழைய ஒன்றரைக் குதிரைத்திறன் பம்பே ஃபில்டரின் விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வேகத்தைக் குறைப்பதுதான் உண்மையில் இலாபம் தரும் திசை. பம்பின் சுழற்சியைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும், அழுத்தம் நான்கில் ஒன்றாகும், இழுக்கும் மின்சக்தி எட்டில் ஒன்றாகும் என்பது மையவிலக்குப் பம்புகளுக்கான விதி. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் இது உதவாது, ஏனென்றால் அங்கே உயரத்தை வெல்லவேண்டும். வேகம் குறைந்தால் தண்ணீர் மாடிக்கே போகாது. நீச்சல்குளத்தில் நீர் புறப்பட்ட மட்டத்துக்கே திரும்பி வருவதால் வெல்லவேண்டியது உராய்வு ஒன்றுதான், ஆகவே இந்த விதி ஏறக்குறைய முழுமையாகப் பலிக்கிறது. அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் தரையில் கட்டிய குளங்களுக்கான பெரும்பாலான ஃபில்டர் பம்புகள் ஓர் ஆற்றல் தரத்தை எட்டவேண்டும் என்று விதித்தபோது, வேகம் மாற்றும் பம்புகளே சந்தையின் பொதுவழக்கமானதற்குக் காரணம் இதுதான். நமக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. கணக்கு ஒத்துவருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

எங்கள் கணக்கு இது. சராசரி ஆழம் 1.3 மீட்டர் என்பதால் குளத்தின் கொள்ளளவு 65,000 லிட்டர். விருந்தினர் குளிக்கும் குளம் என்பதால் அத்தனை நீரும் நாளைக்கு இரண்டு முறை ஃபில்டர் வழியே போய்வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம், அதாவது 130 கன மீட்டர். முழு வேகத்தில் மணிக்கு 14 கன மீட்டர், இழுப்பது ஒன்றரைக் கிலோவாட். ஒன்பதேகால் மணி நேரத்துக்கு 14 யூனிட். 60 சதவீத வேகத்தில் நீரோட்டம் 8.4 கன மீட்டராகவும், மோட்டாரின் இழப்பையும் சேர்த்து இழுப்பு 0.42 கிலோவாட்டாகவும் இருக்கும். காலையில் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி, மீதியைக் குறைந்த வேகத்தில் 12 மணி நேரம் ஓட்டினால் மொத்தம் 8 யூனிட். நாளைக்கு 6 யூனிட் மிச்சம். யூனிட் 10 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 22,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வேகம் மாற்றும் பம்புக்குக் கேட்ட விலை 95,000. சாதாரணப் பம்பைவிட 60,000 கூடுதல். மூன்று ஆண்டுக்குள் அந்தக் கூடுதல் திரும்பிவிடும்.

அதே பம்பைச் சித்தப்பா வீட்டில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. அந்த வீட்டில் ஒன்பது பங்கு. பங்குக்காரர்களில் ஆறு பேர் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பொங்கல், கல்யாணம், அறுபதாம் ஆண்டுச் சாந்தி என்று ஆண்டில் மொத்தம் 60 நாள்தான் குளத்தில் ஆள் இறங்கும். மற்ற 300 நாளும் பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுகிறார்கள். (குளத்தை வெறுமையாகவே போட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது வெறும் தொட்டியை அது கீழிருந்து தூக்கி விரிசல் விடச் செய்யும்.) மொத்தம் 1,140 மணி நேரம், 1,700 யூனிட். வேகம் மாற்றும் பம்பில் 40 சதவீதம் மிச்சமானாலும் ஆண்டுக்கு 7,000 ரூபாய்தான். போட்ட கூடுதல் திரும்ப எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தப் பம்பின் மின்னணுப் பலகை நம் கோடையையும் இடியையும் தாங்குமா என்பது வேறு கேள்வி. கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி பிரிப்பதுபோல ஒரு இலட்சத்தை ஒன்பது பங்காகப் பிரித்து, ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும். 3,500 ரூபாய் என்றால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரே செலவழித்துவிட்டுக் கணக்கில் எழுதிவிடுவார். பங்கு வீடுகளில் இது சின்ன விஷயமே அல்ல.

அவர்களுடைய காயில் கம்பெனியில் கட்டியது, தண்டும் வழவழப்பாகவே இருந்தது. சித்தப்பா "அப்ப மாத்த வேணாம்ல?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டார். "வேணாங்கய்யா, சீலையும் பேரிங்கையும் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும், தண்ணி மட்டும் ஸ்கிம்மருக்குக் கீழ போகாமப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார் மெக்கானிக்.

வீட்டு இணைப்பில் குளம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படிப்படியாக ஏறும் கணக்கு; 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அட்டவணையே மாறுகிறது, மேல்படிகளில் யூனிட் விலை 10 ரூபாயைத் தாண்டுகிறது. விளக்கும் மின்விசிறியும் கீழ்ப்படிகளை நிரப்பிவிடுவதால், பம்பின் யூனிட்டுகள் மேல்படியில்தான் உட்காரும். பம்பில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டையும் அந்த மேல்படி விலையில் கணக்கிட வேண்டும். சராசரி விலையில் கணக்கிட்டுப் பார்த்து, இலாபம் இல்லை என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

இனி நாங்கள் வாங்கியது. வேகம் மாற்றும் பம்புக்கு 95,000 கொடுக்கவில்லை. எங்களுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருப்பதால், சாதாரண மூன்று ஃபேஸ் பம்ப் ஒன்றை 35,000 ரூபாய்க்கும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி அதன் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. பெட்டி ஒன்றைப் பொருத்தும் கூலியோடு 15,000 ரூபாய்க்கும் வாங்கினோம். மொத்தம் 50,000. மிச்சமாகும் மின்சாரம் ஏறக்குறைய அதேதான். இதைத் தேர்ந்ததற்கு விலை மட்டும் காரணமல்ல: வேகம் மாற்றும் பம்பில் மின்னணுப் பலகை மோட்டாரின் தலையிலேயே, பம்ப் அறையின் சூட்டிலும் ஈரத்திலும் இருக்கிறது, அது போனால் அந்தக் கம்பெனிப் பலகையே வரவேண்டும், வி.எஃப்.டி. பெட்டியை வீட்டுக்குள் காற்றோட்டமான சுவரில் மாட்டலாம், அது போனாலும் மதுரையில் ஏதாவது ஒரு கம்பெனிப் பெட்டியை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், மில்களில் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் எவருக்கும் அதை அமைக்கத் தெரியும். பழைய பம்பே மூன்று ஃபேஸாக இருந்து காயிலும் நன்றாக இருந்தால், 15,000 ரூபாயோடு வேலை முடிந்துவிடும். இந்த வழியைக் கடைக்காரர் யாரும் எங்களிடம் தாமாகச் சொல்லவில்லை. கெப்பாசிட்டர் வைத்த ஒரு ஃபேஸ் மோட்டாருக்கு மட்டும் இதை மாட்டக்கூடாது. குறைந்த வேகத்துக்கு அதிர்வெண்ணை 30 ஹெர்ட்ஸில், அதாவது வழக்கமான 50-இல் 60 சதவீதத்தில், வைத்திருக்கிறோம். 25-க்குக் கீழே இறக்கினால் மோட்டாரின் விசிறி தன் மோட்டாரையே குளிர்விக்க முடியாமல் போகும். வி.எஃப்.டி. உள்ள லைனில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதாரண வகையாக இருந்து அடிக்கடி விழுந்தால் அதற்கேற்ற வகையைக் கேட்டு வாங்கவேண்டும். தொந்தரவாக இருக்கிறது என்று அதைத் தாண்டி வயர் இழுப்பது, மனிதர்கள் நனைந்த உடம்போடு நிற்கும் இடத்தில் நினைத்தும் பார்க்கக்கூடாத காரியம்.

குறைந்த வேகத்துக்கும் குறைகள் உண்டு. மேற்பரப்பில் மிதக்கும் வேப்பிலையை ஸ்கிம்மர் மெதுவாகவே இழுக்கும். காலை இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுவது அதற்காகத்தான். அடிமண்ணை உறிஞ்சவும், ஃபில்டர் மணலில் நீரைத் தலைகீழாக ஓட்டிக் கழுவும் பேக்வாஷுக்கும் முழு வேகம் வேண்டும். காற்றடித்தால் எங்கள் செம்மண் பொடி குளத்தின் அடியில் குங்குமம் கொட்டியதுபோலப் படியும். அந்த வாரத்தில் ஃபில்டரின் அழுத்தம் காட்டும் கேஜின் முள் வழக்கத்தைவிட அரைக் கிலோ ஏறியதும் பேக்வாஷ் செய்துவிடுகிறோம். ஒரு முறைக்கு 700 லிட்டர் போகிறது. கேஜின் முள்ளைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: குறைந்த வேகத்தில் அழுத்தமும் குறைவாகவே காட்டும் என்பதால், ஃபில்டர் அடைபட்டிருக்கிறதா என்பதை முழு வேகத்தில் ஓடும்போது மட்டுமே படிக்க வேண்டும். முதல் மாதம் நாங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல், முள் இறங்கியிருப்பதைக் கண்டு ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

புதுப் பம்பின் இரு பக்கமும் யூனியன் என்ற திருகு இணைப்புப் போட்டுப் பொருத்தியிருக்கிறோம், அடுத்த முறை குழாயை அறுக்காமல் கையால் திருகியே கழற்றலாம். பழைய பம்பைக் காயலான் கடைக்குப் போடவில்லை. அதன் இம்பெல்லரும் கூடையும் மூடியும் சித்தப்பா வீட்டுப் பம்புக்குப் பொருந்தும் என்று மெக்கானிக் சொன்னதால், துடைத்து எண்ணெய் தடவி, ஒரு சாக்கில் கட்டி அவர்கள் வீட்டுச் சாமான் அறையில் வைத்திருக்கிறோம்.